கேட்காமல் எழுதிய தெரு

சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களிடம் எல்லாக் கல்லூரியும் ஒன்றைக் கேட்கும்: கள அனுபவம் உண்டா, உண்டென்றால் சான்று எங்கே? என்னிடம் சான்று இருந்தது. சுனாமிக்குப் பிறகு மரக்காணம் பக்கம் வந்து வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம், தன் லெட்டர்பேடில் நான்கு வரி டைப் அடித்துக் கொடுத்திருந்தது. நான் சுறுசுறுப்பானவள், நேரம் தவறாதவள், நல்ல நடத்தை உள்ளவள். பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் வீடு வீடாகச் சென்று, நேரில் கேட்டு விவரம் எடுத்தவள். அந்தக் கடைசி வரிதான் இடித்தது.

விவரம் எடுத்தது 2005 ஜனவரியில். நான் அப்போது பி.ஏ. கடைசி வருடம். மீனவர் குப்பத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன், அது நிஜம். எழுதும்போதே அழுதேன், அதுவும் நிஜம். மூன்றாம் நாள் எங்கள் தெரு மட்டும் பாக்கி. உப்பளத்துக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு வீடு. யார் என்ன வேலை செய்கிறார்கள், எத்தனை வாய் சாப்பிடுகிறது, யார் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து அங்கேதானே கிடக்கிறேன். கால் வேறு வலித்தது. வீட்டு வாசலருகே வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு படிவத்தையும் நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைப்பு. அந்தக் கெட்டிக்காரி இப்போது எதிரே வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

எதிர்வீட்டு அத்தைக்கு, தொழில் என்ற இடத்தில் 'உப்பளக் கூலி' என்று எழுதினேன். என் அம்மாவோடு ஒரே அளத்தில் உப்பு வாருகிறவள், வேறென்ன எழுதுவது? ஆனால் மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. அப்போது அத்தை கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்பாள். அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கூடையோடு கரையில்தான் நின்றாள். கூடை போயிற்று, தராசு போயிற்று, ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்தாள். இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

படிவத்தில் இருந்த தொழிலைப் பார்த்து, கரையில் பிழைப்பவர்களுக்கு அரிசி, பாத்திரம், கூரைக்குத் தார்ப்பாய் கொடுத்தார்கள். உப்பளக் கூலிகளுக்கு எங்கிருந்தோ வந்த பழந்துணி மூட்டை. அத்தையின் மூட்டையில் குளிருக்குப் போடுகிற கோட்டு ஒன்று இருந்தது. மரக்காணத்து வெயிலில் அதைப் போட்டால் ஆள் வெந்துபோவார். அந்த வருடம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, அத்தை எங்கள் வீட்டில் வந்து ஒண்டினாள். "லிஸ்ட் போட்டவனுங்க கண்ணு அவிஞ்சி பூடுச்சு" என்று என் முகத்தைப் பார்க்காமல் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பி.ஏ. முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்த பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். 2006 மே மாதம் இரண்டு கல்லூரிகளிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. ஒன்று சென்னையில், பெரிய பெயர், ஹாஸ்டலில் தங்க வேண்டும். இன்னொன்று புதுச்சேரி பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வரலாம், களப்பணியெல்லாம் கடற்கரை ஊர்களில். தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. உப்பு விளைந்து குவிகிற மாதம், அவளும் அப்பாவும் ஒரு நாள்கூட அளத்தை விட்டு வர முடியாது. எதிர்வீட்டு அத்தைக்கோ உள்ளங்கையில் வெட்டு. உப்புத் தண்ணீரில் கை வைக்க முடியாமல் பத்து நாளாக வீட்டில் இருந்தாள்.

"நான் இட்டுக்கினு போறேன். நம்ம வூட்டுப் பொண்ணுதானே?" என்று அவளே முன்வந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

சென்னையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அத்தை வெளியே பெஞ்சில், மடியில் என் சாப்பாட்டு டப்பாவோடு. நடுவில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "எல்லா வீட்டுக்கும் நீங்களே போனீங்களா?" என்றார்.

"போனேன் சார். ஒரு வீடு விடல."

நாக்கு கூசவில்லை. அன்று மாலையே போர்டில் என் பெயர் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துச் சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் அத்தை பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "சுனாமியப்ப வூடு வூடா போயி எழுதுன பொண்ணு இது" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தூக்கம் வருகிறது என்று சொல்லி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது இன்டர்வியூ. சென்னையில் இடம் கையில் இருந்ததால் பயம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாளிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. அங்கே ஒரு மேடமும் ஒரு சாரும் இருந்தார்கள். களப்பணிக்குப் பெண்களை வெளியூர் அனுப்புவதால், கூட வந்தவர்களையும் உள்ளே அழைத்துச் சம்மதம் கேட்பது அந்தக் கல்லூரி வழக்கமாம். நான் நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே அத்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன உறவுங்க?" என்றார் மேடம்.

"எதிர் வூடுங்க. அத்தன்னு கூப்புடும்."

மேடம் என் கடிதத்தைக் கையில் எடுத்தார். "அப்ப சுனாமி நேரத்துல உங்க வீட்டுக்கும் இவங்கதான் வந்து எழுதினாங்களா?"

சந்தேகத்தில் கேட்ட கேள்வி இல்லை, சும்மா பேச்சுக் கொடுத்தார். இல்லை என்று அத்தை சொல்லிவிட்டால் இந்த இடமும் போகும், ஊரில் என் மானமும் போகும். அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சுங்க. பொறுமையா கேட்டு எழுதிச்சு. எங்க வூட்ல தண்ணிகூட வாங்கிக் குடிச்சிச்சு."

அவளுக்குத் தெரியும். நான் போகவில்லை என்று தெரியும், போனதாக நான் சொல்லித் திரிகிறேன் என்றும் தெரியும். தெரிந்தேதான் கையில் கட்டோடு என்னோடு பஸ் ஏறியிருக்கிறாள்.

"இல்லைங்க மேடம்" என்றேன். "எங்க தெருவுக்கு மட்டும் நான் போகல. வீட்டுல உக்காந்து நானே எழுதிட்டேன். இவங்க மழைக்காலத்துல கரையில மீன் விக்கிறவங்க. நான் உப்பளக் கூலின்னு எழுதினதால இவங்களுக்கு அரிசி, தார்ப்பாய் எதுவும் கிடைக்கல."

சார் பேனாவை எடுத்து என் விண்ணப்பத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். தலைகீழாக எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"இதை அந்த நிறுவனத்துல சொன்னீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"இவங்ககிட்ட?"

"இல்ல."

"சரி. சனிக்கிழமை லிஸ்ட் போடுவோம், வந்து பாருங்க."

வெளியே வந்ததும் அத்தை சீறினாள். "நான்தான் சொல்லிட்டேன்ல? ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

சென்னைக்குக் கெடு வெள்ளி, இங்கே லிஸ்ட் சனி. இருப்பது ஒரே ஒரு செட் ஒரிஜினல், அதை வைத்துக்கொண்டு இரண்டு படகில் கால் வைக்க முடியாது. நடந்தது எதுவும் தெரியாத அம்மா, "இருக்கறத வுட்டுட்டுப் பறக்கறதப் புடிக்கப் போவாத" என்றாள். நியாயமான பேச்சு. இங்கே எனக்கு இடம் தருவார்கள் என்று நானே நம்பவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். அத்தை வழக்கம்போல் கூட வந்திருந்தாள், கோபம் ஆறியிருந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது போகும்வரை பொறுத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்பலேந்து தெரியும் அத்த?"

"அன்னிக்கேதான்."

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? இன்னிக்கு நம்ம தெருவுன்னாங்க. காலையிலயே தலைக்கு ஊத்திக்கினு, ரேஷன் கார்ட மடியில வச்சிக்கினு வாசல்ல உக்காந்தேன். எழுதற பொண்ணு நம்ம பொண்ணு, வராமயா பூடும்னு. மத்தியானம் கஞ்சி குடிக்கக்கூட உள்ள போவல. நீ வர்ற நேரம் நான் இல்லாமப் பூட்டன்னா? எதிர்லதான உன் வூடு. டீ குடிச்சிக்கினே நீ எழுதறது தெரிஞ்சிது."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே அத்த."

"தலய நிமிந்து பாப்பன்னு பாத்துக்கினு இருந்தேன்."

பஸ் வந்து நின்றது. அத்தை ஏறிப் படியில் நின்று கையை நீட்டினாள். நான் கீழேயே நின்றேன். கண்டக்டர் கத்தினார், அத்தை அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். கடைசியில் அவளும் இறங்கிவிட்டாள், பஸ் போயிற்று.

"பைத்தியமாடி புடிச்சிருக்குது உனக்கு?"

வீரத்தில் செய்த காரியம் இல்லை. சென்னையில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வீடு விடாமல் போன பெண்ணை. அந்தப் பெண்ணாக நடிக்க, வாசலில் உட்கார்ந்திருந்தவளையே துணைக்கு அழைத்துக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை லிஸ்டில் என் பெயர் இல்லை, வெயிட்டிங் லிஸ்டில் மூன்றாவதாக இருந்தது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். முன்னால் இருந்தவர்கள் வேறு இடம் போய், எனக்குக் கடிதம் வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது.

கடிதத்தோடு முதலில் எதிர்வீட்டுக்குத்தான் ஓடினேன். அத்தைக்குக் கை ஆறி, அளத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள், கால் முழுக்க உப்பு. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தினி வருஷம்?"

"ரெண்டு வருஷம் அத்த."

"அங்க போயி இன்னா படிக்கப் போற?"

"வீட்டு வாசலுக்குப் போய், உக்காந்து, அவங்க சொல்றதக் கேட்டு எழுதறது எப்படின்னு."

"அதுக்கு ரெண்டு வருஷமா?" என்றாள் அத்தை, சிரிக்காமல்.