தெலுங்கு தெரியாத சாட்சி

தங்கையா சார் இறந்துவிட்டார். காலையில் இராஜபாளையத்திலிருந்து போன்.

நூறை நெருங்கிய வயது. "தூக்கத்துலயே போயிட்டாவ" என்றாள் அவர் மகள். "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

போய் அரிசி களைந்தேன். களைந்ததையே மறுபடியும் களைந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் கணக்கு சார். எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர். 'சாட்சிக்காரன்'. அம்மா வைத்தது.

நாற்பதுகளின் கடைசி. நூலுக்குக் கன்ட்ரோல் இருந்த காலம், பெர்மிட் இல்லாமல் ஒரு கண்டு நூல் வாங்க முடியாது. அப்பாவுக்குச் சொந்தத் தறிகள் இருந்தன. எல்லாம் நூல் இல்லாமல் சும்மா கிடந்தன.

பெர்மிட் கொடுக்கிற ஆபீசர் கையை நீட்டினார். எல்லோரும் கொடுத்தார்கள். எங்கள் அப்பா மட்டும் நேரே போலீசுக்குப் போனார்.

தெருவே சிரித்தது. "ஏலே, கொடுக்கறதைக் கொடுத்து காரியத்தைப் பாக்காம, இவன் ஒருத்தன்..."

போலீஸ்காரர்கள் நோட்டுகளின் நம்பரைக் குறித்துக்கொண்டு அப்பாவை ஆபீசரிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். ஆபீசர் பணம் கேட்பதைக் காதால் கேட்க, சம்பந்தமில்லாத ஓர் ஆள் வேண்டும். தங்கையா சார் அப்போதுதான் நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இறங்கியிருந்தார். சின்ன வயசு வாத்தியார். ஊரில் உறவும் இல்லை, பகையும் இல்லை. அவரையே பிடித்தார்கள்.

அவருக்குத் தெலுங்கு தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாதி ஊர் தெலுங்கு பேசுகிற இராஜபாளையத்தில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

நாங்கள் வீட்டில் தமிழ்தான். ஆனால் அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் அப்பாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அந்த ஆபீசரோடு அவர் எப்போதும் தெலுங்கில்தான் பேசுவார். அன்றைக்கும் வாய் தானாகத் தெலுங்குக்குப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற சார் எல்லாவற்றையும் கேட்டார்... ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

ஆபீசரின் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துவிட்டார்கள். அப்பா அன்றைக்குக் கறி எடுத்து வந்தார். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆபீசர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். "எங்கிட்டக் கைமாத்தா வாங்குனதைத் திருப்பிக் கொடுத்தான்."

பணம் பையில் இருந்தால் மட்டும் போதாதாம். அவர் லஞ்சமாகக் கேட்டார் என்று நிரூபிக்க வேண்டுமாம். கொடுத்தவன் சொல்லை மட்டும் நம்ப மாட்டார்களாம். ஆக, எங்கள் தறி, அப்பாவின் மானம் எல்லாம் சாரின் வாயில் இருந்தது.

அம்மாவோடு நானும் போயிருந்தேன். வராந்தாவில் சர்க்கார் வக்கீல் சாரிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "பணம் கேட்டார்னு சொல்லிரும் வாத்தியாரே. அம்புட்டுதான்."

அம்மா சாரைக் கும்பிட்டாள். "ஐயா, ஒத்த வார்த்தை..."

சார் யாரையும் பார்க்கவில்லை. கூண்டில் ஏறினார். வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"அவிய ரெண்டு பேரும் தெலுங்குல பேசுனாவ. எனக்குத் தெலுங்கு தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீசருக்கு விடுதலை. மறுபடி அதே நாற்காலி. அப்பாவுக்குப் பெர்மிட் வரவே இல்லை. தறிகளை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போனார். பொய்க் கேஸ் போட்டவன் என்று பேர் வேறு.

அம்மா சாகும்வரை சாரை மன்னிக்கவில்லை. அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான்லா தெலுங்குல பேசுனேன். அவிய என்ன செய்வாவ?"

பிறகு நான் சாரின் வகுப்புக்கே போய் விழுந்தேன். அட்டெண்டன்ஸில் என் பெயரைக் கூப்பிட்டால் வாயைத் திறக்க மாட்டேன். அவ்வளவு வெறுப்பு. அவர் சற்று நேரம் பார்ப்பார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆப்சென்ட் மட்டும் போட்டதே இல்லை.

இன்னும் ஒன்று.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் ஆராதனை முடிந்து சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. நின்றபடியே அப்பாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் திகைத்துவிட்டேன். "தெச்சினாவா?" கொண்டுவந்தாயா என்று கேட்கிறார். அடுத்து, சீக்கிரம் எடு என்கிறார். அதட்டுகிற ஓர் ஆபீசரின் குரலாகவே இருந்தது.

பிறகு தமிழில் சொன்னார். "அந்தச் சத்தம் என் காதுலயே கெடந்துச்சு. இங்கனயே இருந்து தெலுங்கு பழகினதுக்குப் பொறவுதான் அர்த்தம் தெரிஞ்சுது. அந்தாளு கேட்டது நெசந்தான்."

சார் ஓரடி கிட்டே வந்து கேட்டார்.

"இப்பம் போயி சொன்னா கோர்ட்ல எடுத்துக்கிடுவாவளா?"

"அவரு கேட்டது எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார் அப்பா. "அந்த ஆபீசர் செத்தும் போயிட்டாரு. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அம்மா அசையவில்லை. காப்பி நான்தான் போட்டேன். சார் அவசரமாக டம்ளரை வாங்கியதில் பாதி கீழே சிந்தியது. அப்பா துண்டால் துடைத்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தேடிப் பார்த்தேன்...

நாளை சாயங்காலம் அடக்கம். அம்மா இருந்திருந்தால் போக விட்டிருக்க மாட்டாள்.

ஒரு பிடி மண் போட வாரேன் சார்.