கடைசி அலசல்

எனக்குச் சந்தேகப் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. இன்றைக்கும் பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன். மருமகள் அடுக்களையில் தனியாகச் சிரித்தால், என்னை நினைத்துத்தான் சிரிக்கிறாளோ என்று எட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட நான் முதன்முதலாகத் துப்புத் துலக்கியது ஒன்பது வயதில். நகை காணோம், பணம் காணோம் என்று பெரிய விவகாரம் ஒன்றும் இல்லை. அக்கா பிள்ளையின் பீத்துணி விவகாரம்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். திண்டுக்கல்லில், மலைக்கோட்டையின் நிழல் சாயங்காலம் வந்து விழுகிற ஒரு முட்டுச்சந்தில் எங்கள் வீடு. ஆண்பிள்ளை பிறந்தது. அப்பாவின் பழைய வேட்டிகளை அம்மா எடுத்துப்போட்டுக் கிழித்தாள். நீளமாகக் கிழித்தவை இடுப்பில் கட்ட, உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தவை துடைக்க. புதுத்துணி பிள்ளைக்கு உறுத்தும். பல வருஷம் துவைத்து நைந்த வேட்டிதான் பச்சை உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். புகையிலைக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போகிற அப்பாவுக்கு மாற்று வேட்டி ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் மேலும் அம்மாவுக்கு ஒரு கண் இருந்தது.

அந்தத் துணிகளுக்கு எங்கள் வீட்டில் இருந்த சட்டதிட்டம் கலெக்டர் கச்சேரியில்கூட இருந்திருக்காது. முறுக்கிப் பிழியக்கூடாது, பிழிந்தால் பிள்ளைக்கு வயிற்றை முறுக்கும். அடுத்தவர் கண்ணில் படுகிற இடத்தில் காயப்போடக்கூடாது. பறவைகள் கூடு திரும்புகிற நேரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். தப்பித் தவறி ஒன்று வெளியே கிடந்து, அதன்மேல் ஒரு பறவை பறந்துவிட்டால் பட்சி தோஷம் பிடிக்கும்; பிள்ளை நோஞ்சானாகிவிடும்.

துவைப்பது அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். பெற்ற இரண்டு பிள்ளைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. பிறகு புருஷனும் போய்ச் சேர்ந்தார். சித்தையன்கோட்டையில் கொழுந்தனார் வீட்டில் இருந்தவளை அங்கே சோற்றுக்கும் பேச்சுக்கும் படுத்திய பாடு தாங்காமல் அப்பா போய்க் கூட்டிவந்திருந்தார். அம்மா அவளை மதினி, மதினி என்று மரியாதையாகத்தான் நடத்துவாள். ஆனால் அக்காவின் பிள்ளையை மட்டும் அவள் கையில் கொடுக்கமாட்டாள். பிள்ளை தங்காத கை என்று ஒரு பயம். பிள்ளை கிடையாது, அதன் பீத்துணி மட்டும் உண்டு. இதை இப்போது எழுதும்போது எனக்கே என் அம்மாவின் மேல் கோபம் வருகிறது. அப்போது அது அநியாயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து அத்தை ஒவ்வொரு துணியாக வழித்து, அலசி, சலவைச்சோடா போட்டு வேகவைத்து, சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அப்படி ஓர் உப்பு. சோப்பு நுரைக்காது, தயிர் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாய் மிதக்கும். அதனால் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசித்தான் காயப்போட வேண்டும். அந்தக் கடைசி அலசலை அம்மா என்னிடம் கொடுத்திருந்தாள். பிள்ளை உடம்பில் படப்போகிற துணியைக் கடைசியாகத் தொடுகிற கை கன்னிப்பிள்ளையின் கையாக இருக்கட்டும் என்றாள். அத்தையின் காதில் விழுகிற மாதிரியேதான் சொன்னாள்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பெருமை பத்து நாள்தான் தாங்கியது. நல்ல தண்ணீர் என்றால் தெருக்கோடிக் குழாய். அங்கே விடியற்காலையிலேயே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். முதல் நடை அடுக்களைக்கு, இரண்டாம் நடை துணிக்கு. பித்தளைக் குடம் இடுப்பை அறுக்கும். அதைவிட, இரண்டாம் நடை முடிவதற்குள் என் சேக்காளிகள் பாண்டி ஆடி முடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒருநாள் இரண்டாம் நடை போகவில்லை. கிணற்றடித் தொட்டியில் அத்தை இறைத்து வைத்திருந்த தண்ணீரிலேயே முக்கி எடுத்துக் காயப்போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரில் பெயரா எழுதியிருக்கிறது? அடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சத்தியமாக, அதை ஒரு தப்பு என்று நான் நினைக்கவேயில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பிள்ளைக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் சிவந்து தடித்தது. பிறகு தோல் உரிந்தது. துணி மாற்றும் போதெல்லாம் வீல் என்று கத்தும். அக்கா அழுவாள். தேங்காய் எண்ணெய் தடவினார்கள், கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எரியோட்டிலிருந்து அக்காவின் மாமியார் பேரனைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். பிள்ளையை இந்தக் கோலத்தில் பார்த்தால் அக்காவை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார் என்று அம்மா பயந்தாள்.

முதல் விசாரணை எனக்குத்தான்.

"ஏத்தா, வெயிலு இறங்க முந்தி துணியெல்லாம் எடுத்தியா இல்லையா? நெசத்தச் சொல்லு."

"எடுத்துட்டேன்மா. காக்கா கத்துறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

அது நிஜம். அவள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

என்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில் நானே குற்றவாளியைத் தேடக் கிளம்பினேன். அடுத்த வீட்டுக்காரி மேல் முதல் சந்தேகம். பிள்ளை பிறந்த அன்றே வந்து, "ஆத்தாடி, இம்புட்டு வெளுப்பா!" என்று வாயைப் பிளந்தவள் அவள்தான். அவள் காலடி மண்ணை எடுத்துவந்து கொடுத்தேன். அம்மா மிளகாயோடு சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறியது. புண் அப்படியே இருந்தது. அடுத்தது தயிர்க்காரி. அவள் பிள்ளை இருந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதே சந்தேகத்துக்கு இடமாக எனக்குப் பட்டது. இரண்டு நாள் அவள் பின்னாலேயே அலைந்து ஒன்றும் தேறவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வீடே கண்ணயர்ந்திருந்தது. நான் கதவிடுக்கில் உட்கார்ந்திருந்தேன். அத்தை கூடத்துக்கு வந்தாள். வலமும் இடமும் பார்த்தாள். காய்ந்து மடித்து வைத்திருந்த துணிக்கூடையைத் திறந்தாள். ஒரு துணியை எடுத்தாள். விரித்தாள். அதன் நுனியை நாக்கில் வைத்தாள்.

பீத்துணியை யாராவது நாக்கில் வைப்பார்களா? அந்தத் துணியைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் நாக்கில் வைத்தாள். ஏதோ முணுமுணுத்தாள். பிறகு நாலைந்து துணிகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் பூனைபோலப் பின்னாலேயே போனேன். தனக்கென்று குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, அதில் அந்தத் துணிகளை முக்கி முக்கி எடுத்து, சுவர் மறைவில் காயப்போட்டாள். ஒரு செம்புத் தண்ணீரில் எத்தனை துணி அலச முடியும்? மூன்று அலசினாள். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செய்வினை! ஓடிப்போய் அம்மாவை உலுக்கி எழுப்பினேன்.

"அம்மா, அத்தை பாப்பா துணிய நக்குறாம்மா. மந்திரம் சொல்லுறா. ஒளிச்சு வச்சிருக்கா."

சாயங்காலம் அப்பா கிட்டங்கியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. அம்மா சுவரோரத்திலிருந்து அந்த மூன்று துணிகளைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போட்டாள். அக்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இது?" என்றார் அப்பா.

"உப்பு நிக்குதான்னு பாத்தேன்டா" என்றாள் அத்தை. "துணி வெறைச்சுக் கெடக்கு. உப்பு நின்னா பிள்ளைக்கு அறுக்கும்."

"உப்பு எப்படி மதினி நிக்கும்?" என்று அம்மா பாய்ந்தாள். "என் பொண்ணு தெனமும் கொழாத் தண்ணியிலதான அலசுறா?" அப்படியே என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, சொல்லு. நல்ல தண்ணியிலதான அலசுன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் இடுப்பில் பெல்ட் இருந்தது. அத்தையும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

"ஆமா" என்றேன்.

அத்தை தூணை விட்டுக் குனிந்து, கிடந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள். பிறகு, "அப்ப என் நாக்குதான் சரியில்ல போலருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததையே அம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா அவளைச் சித்தையன்கோட்டை பஸ் ஏற்றிவிடப் போனார். கொழுந்தனார் வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தை போன பிறகு அம்மாவுக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. என்மேலும்கூட இல்லை; சின்னப்பிள்ளை, அசந்துவிடுவேன் என்று. துவைப்பதும் அவளே, அலசுவதும் அவளே. அப்பா விடியற்காலையில் நாலு குடம் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஐந்தாம் நாள் புண் காய்ந்தது. வெள்ளிக்கிழமை எரியோட்டு அம்மாள் வந்து, பேரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைக்குப் பூப்போல உடம்பு என்றார்.

பிறகென்ன! அத்தை போனாள், புண்ணும் போனது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? "என் தங்கம் மட்டும் பாக்காட்டி என் பேரன் கதி என்னாயிருக்கும்!" என்று அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். அத்தை அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைக்குக் காது குத்தியபோது அப்பா நேரில் போய் அழைத்தார். உடம்பு முடியவில்லை என்றாளாம். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே இறந்துபோனாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கிளம்பிய காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து வரவில்லை. வாசல் கதவைச் சாத்த நான்தான் போனேன். அத்தை படியிறங்கினவள் திரும்பி, என் காதருகே குனிந்தாள்.

"கொடம் கனமா இருந்தா அரைக்கொடம் எடுத்துட்டு வா, ஆத்தா. வெளையாண்டுட்டே செத்தப் பிந்தி அலசினாலும் பரவாயில்ல. பிள்ளை துணிக்கு மட்டும் தொட்டித் தண்ணி வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இவளுக்குத் தெரியும். நான் போகாத நடையும் தெரியும், ஆடிய பாண்டியும் தெரியும். எத்தனை நாளாக மறைந்து நின்று என்னை வேவு பார்த்திருக்கிறாள்! இப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தோமே! நல்லவேளை, போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தெரு முனை திரும்புவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.