மழையக்கா வரைந்த மலை

வீடியோ கேமுக்கு மலை செய்வது சுலபம். பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே நூறு மலைகளைக் கொட்டிவிடும். ஆனால் எல்லாம் கொதிக்கிற கஞ்சி மாதிரி குமிழ் குமிழாக இருக்கும். பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடும்.

மழையக்கா வேறு மாதிரி. ஒரு மேட்டை மட்டும் வைத்துவிட்டு அதன்மேல் மழை பெய்ய விடுவாள். தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அங்கே மண் அரிக்கும், அரித்த மண் அடிவாரத்தில் விசிறியாகப் பரவும். அதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. பிறகு ஓடையோரம் மரங்களை நெருக்கி வைப்பாள். செங்குத்தில் புல்லை எடுத்துவிடுவாள். பாறைகளைச் சரிவில் விடாமல் கீழே குவிப்பாள். ஒற்றையடிப் பாதையை நேராகப் போட மாட்டாள். களைத்த கால் எங்கே வளையுமோ அங்கே வளைப்பாள்.

ஆடுகிறவர்களே களம் செய்து இணையத்தில் ஏற்றி, மற்றவர்கள் அதில் இறங்கிச் சண்டை போடும் விளையாட்டு அது. குழுக்கள் கூலி கொடுத்து அவளிடம் களம் செய்யச் சொல்வார்கள். மழையக்கா என்பது அந்தக் கூட்டம் வைத்த பெயர். சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

காரணம், அவள் கணவன். அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவன்தான். அவன் வேலைக்குப் போன பகல்களில், அவனுடைய கம்ப்யூட்டரில்தான் அவள் மேடு பள்ளம் செய்யப் பழகினாள். கை ஓங்குவது அவனுக்கு வாடிக்கையாகி, ஒரு நாள் அவள் தோளெலும்பு முறிந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் வரக் கூடாது என்று கோர்ட் அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாத வரைதான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, பின்பக்கம் ஒரு ஜன்னல். கீழே வீட்டுக்காரி. தையல் வேலை. மழையக்கா அவளை அக்கா என்பாள். மகளுக்கு அவள் பெரியம்மா.

தவறு ஒரு போட்டிக் களத்தில் நடந்தது. கெடு நெருங்கிவிட்டது. எல்லாம் முடிந்து, தூரத்தில் தெரிய வேண்டிய பெரிய மலை மட்டும் பாக்கி. இந்த வேலையில் இருப்பவர்கள் அப்போது செய்வது ஒன்றுதான்: நிஜ மலை ஒன்றைப் பார்த்துக் காப்பியடிப்பது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை இருந்தது. கல் குவாரி ஒரு பக்கத்தைக் கடித்துத் தின்ற மலை. அந்தக் கடியையும் சேர்த்தே செய்தாள். யார் கையும் படாத மலை பொய்யாகத் தெரியும். உச்சியில் இருந்த செல்போன் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டாள். அந்த ஜாக்கிரதை போதும் என்று நினைத்தாள்.

களம் பிரபலமாகிவிட்டது. பாராட்டுகளுக்கு நடுவே, பெயர் போடாத ஒருவர் எழுதியிருந்தார்: “ஓடை திரும்பற விதம் பழகின கையா இருக்கு. அந்த மலை எந்த ஊர்?”

அவள் அதை இரண்டு முறை படித்தாள். படியில் நின்று கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் மேல வாங்களேன்.”

தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு ஏறி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

“அடிப்பாவி, இது நம்ம மலைல்ல!”

“அவ்வளவு தெரியுதாக்கா?”

“தெரியுதாவா? தினம் இது மூஞ்சிலதான முழிக்கறேன். கோபுரத்தை எங்கடி தொலைச்ச?”

“அவர் கண்டுபிடிச்சிடுவார்க்கா.”

“உலகத்துல எத்தனை மலை இருக்கு! ஒவ்வொண்ணா ஏறி இறங்க அவனுக்கு வேற பொழப்பில்லையா?”

“இல்லக்கா. என்னைத் தேடறதுதான் அவர் பொழப்பு.”

அக்கா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அன்றே மழையக்கா மலையை மாற்றினாள். குவாரியின் கடியை நிரப்பி, மேலே ஆயிரமாயிரம் வருஷத்து மழையைக் கொட்டி, வழவழப்பான முதுகாக்கி ஏற்றினாள். ஆடுகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். “மலையை யாரு இஸ்திரி போட்டது?” “அக்காவுக்குக் காய்ச்சலா?” ஆர்வக்கோளாறு பிடித்த ஒருவர் பழைய மலையையும் புதிய மலையையும் அருகருகே வைத்து, காணாமல் போன இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுப் பரப்பினார். களத்துக்கே வராதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்தார்கள். மறைக்கப் போய் அவளே தமுக்கடித்தது போல் ஆயிற்று.

பலர் ஏற்கெனவே இறக்கிவைத்திருந்த பழைய களத்திலேயே இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். செய்தவருக்கு ஒரு சலுகை உண்டு; யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய் வேடிக்கை பார்க்கலாம். போய்ப் பார்த்தாள். எல்லாரும் சுட்டுக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. மலையைச் சுற்றி நடந்தான். நிற்பான், மலையைப் பார்ப்பான், கொஞ்சம் நகர்வான், மறுபடி பார்ப்பான்.

அவன் என்ன தேடுகிறான் என்பது அவளுக்குத்தான் புரியும். மலையின் ஒரு பக்கத்தை மட்டுமே அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மற்ற பக்கங்கள் கற்பனை. எந்தப் பக்கம் அச்சு அசலாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்துத் தெருவில்தான் வரைந்தவள் இருக்கிறாள். ஆனால் அப்படி ஒத்துப் பார்க்க வேண்டுமென்றால், நிஜ மலை எதுவென்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆள் குவாரியின் கடிக்கு நேராக வந்து நின்றான். பிறகு நகரவே இல்லை.

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். இரண்டு பைகளில் துணியைத் திணித்தாள். பள்ளிக்கூடம் முடியும் முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“எங்கம்மா போறோம்?”

“பெரியம்மாவோட தங்கச்சி வீட்டுக்கு.”

“அப்போ கணக்குப் பரீட்சை?”

“அது கிடக்கட்டும்.”

“பெரியம்மாவோட தங்கச்சின்னா ரொம்ப நல்லவங்களாத்தான் இருப்பாங்க” என்றாள் மகள், முகம் தெரியாத அந்தத் தங்கச்சியைப் பற்றி.

சில நாள் கழித்து ஒரு மதிய வேளையில் போன் வந்தது. அக்காவின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“வந்துட்டான்டி. பின்தெருவுல, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மலையையே பார்க்கறான். ஒரு அடி அந்தப் பக்கம், ஒரு அடி இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கேன். போனை வெச்சிடாத, பேசவும் பேசாத.”

போனை எதன்மேலோ வைக்கிற சத்தம். தையல் மெஷின் ஓடுகிற சத்தம். பிறகு அது நின்றது.

“மேல் வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க.” பணிவான குரல். அந்தப் பணிவு மழையக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

“யார் சொன்னது? நான் சொல்லலையே.”

“மேல இருந்து பார்த்தா மலை தெரியுங்களா?”

“தெரியும். அதுக்குத் தனி வாடகை கேட்க மாட்டேன், பயப்படாதீங்க.”

அவன் சிரித்தான்.

“முன்னாடி யாரு இருந்தாங்க? பொம்பளப் புள்ளையோட ஒருத்தங்களா?”

“வயசான ஒரு ஜோடி. ஆளுக்கொரு இருமல். பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்.”

“மேல பார்க்கலாங்களா?”

அக்காவின் பதில் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் படியேறியது. உடனே மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. துணி எதுவும் வைக்காமல் ஓட்டுகிறாள் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. மழையக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது: ஜன்னல் கண்ணாடியில் மகள் வரிசையாக ஒட்டிய மீன் ஸ்டிக்கர்கள். சுரண்டி எடுத்தோமா? எடுக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து போனில் காதை வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் மெஷின் மட்டும் ஓடியது.

“சின்னப் புள்ளை இருந்த வீடு மாதிரி இருக்கே?” குரல் இப்போது பக்கத்தில் கேட்டது. பணிவு குறைந்திருந்தது.

“கெழவருக்குப் பேத்தி இல்லாமப் போயிடுமா? வாரம் தவறாம வந்து என் நூல்கண்டையெல்லாம் உருட்டுவா.”

“எங்க போனாங்க?”

“யாரு?”

“எங்கம்மா போனாங்க?”

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அக்கா எழுந்துவிட்டாளா, அவன் நகர்த்தினானா, தெரியவில்லை. அப்போது வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமோ உரக்கப் பேசினார். கேட் திறந்தது. பல பேருடைய பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மெல்லத் தெருப்பக்கம் நகர்ந்தது.

போனை எடுத்த அக்காவுக்கு மூச்சிரைத்தது.

“வண்டியில ஏத்திட்டாங்க. உன் கோர்ட் பேப்பரைக் கேக்கறாங்க, உடனே அனுப்பு. வெறும் மெஷினை ஓட்டினதுல விரல்ல ஊசி ஏறிச்சான்னுகூடப் பார்க்கல... ஏய், இருக்கியாடி?”

மழையக்கா வாயை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்தால் என்ன சத்தம் வருமோ என்று இருந்தது. மகள்தான் போனை வாங்கினாள்.

“இருக்கோம் பெரியம்மா.”