தாழிட்ட அறையில் விழுந்த சர்வீஸ்

ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு டேபிள் டென்னிஸ் ஆட்டம். தோற்றால் மாமியார் வீட்டில் இனி நான் வாய் திறக்க முடியாது. எனக்கோ சர்வீஸே போட வராது.

அதனால் இன்று மதியம் உப்பள ஆபீஸ் ஹாலில் தனியாகப் பழகினேன். என் லட்சணத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்கதவை உள்ளே தாழிட்டிருந்தேன்.

சர்வீஸ் போட்டால் பந்து நம் பக்கம் ஒரு முறை பட்டு, வலையைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு முறை பட வேண்டும். மேசையில் உப்புத்தூள் படிந்திருந்ததால் பட்ட இடமெல்லாம் புள்ளி விழுந்தது. அத்தனையும் என் பக்கமே.

வெறுத்துப்போய், பந்தைப் பையில் போட்டுக்கொண்டு, பின்கதவைப் பூட்டிவிட்டு டீக்குப் போனேன்.

திரும்பி வரும்போது முன்வாசல் வாட்ச்மேன் சொன்னார்: "சார், இப்பத்தான் சர்வீஸ் கரெக்டா வுழுது. பத்து நிமிஷமா டொக்கு டொக்குன்னு ரெண்டு சத்தம் கேக்குதே."

"நான் இவ்வளவு நேரமும் டீக்கடையிலதானே இருந்தேன்."

அவர் முன்கதவைத் தள்ளிக் காட்டினார்; உள்தாழ் போட்டபடியே இருந்தது.

பின்கதவைத் திறந்தேன். மேசையின் அந்தப் பக்க மூலையில், ஒன்றையொன்று உரசியபடி எட்டுப் புள்ளிகள். பந்து என் பையில்தான் இருந்தது.

நாளை மதியமும் போகத்தான் போகிறேன். பேயைவிட எனக்கு மச்சானிடம்தான் பயம். துணைக்கு யாராவது வருகிறீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.