எட்டுச் சுற்றும் ஒரு துண்டுத் தாளும்

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாகனச் சோதகர் சக்கரத்து நட்டை விரலால் திருகுகிறார். ஸ்பேனர் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. அதன் வேலை தளர்த்துவதோடு முடிந்துவிட்டது, எண்ணிக்கைக்கு விரல்தான். நான்கோடு நட்டு நின்றுவிட, நிமிர்ந்து காரின் சொந்தக்காரரைப் பார்க்கிறார்.

"நாலுதான் போகுது. எட்டு போகணும்."

"டைட்டாத்தானே சார் இருக்கு?"

"டைட்டாத்தான் இருக்கு. நாலு சுத்துல டைட்டா இருக்கு" என்கிறார், கோபமே இல்லாமல். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, தன் வழக்கமான கேள்வியைக் கேட்கிறார். "ஏன் போட்டீங்க?"

வாகனச் சோதனை நிலையத்தின் இரண்டாம் வரிசையில் பத்தொன்பது ஆண்டுகளாக இப்படி எண்ணிக்கொண்டிருக்கும் அவருக்கு, 'எட்டு சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கட்டை குட்டையான ஆள். முழங்கால் பக்கம் மட்டும் வெளுத்துப்போன நீல நிறக் கால்சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பழைய படிவங்களை விரலகலத்துக்கு நறுக்கிய துண்டுத் தாள்கள் இருக்கும்.

அவருடைய எண்ணிக்கை பெரும்பாலும் ஸ்பேசர் போட்ட கார்களுக்குத்தான். ஸ்பேசர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவே செருகுகிற அலுமினிய வட்டு, அவ்வளவுதான். சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும். காரும் காலை அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி தெரியும். வெறும் வட்டாக இருந்தால் அதன் கனம் போல்ட்டின் நீளத்தைத் தின்றுவிடும். நட்டுக்குப் பிடிமானம் குறையும். இன்னொரு ரகத்தில் வட்டுக்கே சொந்தமாக போல்ட்டுகள் இருக்கும். முதலில் வட்டைக் காரில் முடுக்கி, அதன்மேல் சக்கரத்தை முடுக்க வேண்டும்.

ஸ்பேசர் போடுவதே குற்றம் என்று சிலரும், போட்டால் எவனும் கேட்க முடியாது என்று சிலரும் வரிசையில் நின்று மல்லுக்கட்டுவார்கள். எட்டு சார் இரண்டு கட்சியிலும் சேருவதில்லை. விதிப்புத்தகத்தில் இருப்பது மூன்றே வரி. மாற்றத்தை எழுதிப் பதிந்திருக்க வேண்டும்; டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது; மாட்டியது உறுதியாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் போட்டால், மோதிய அன்றைக்கு அவர் கையை விரித்துவிடுவார் என்பதையும் எட்டு சார் தன் கணக்கில் சேர்த்துச் சொல்வார். மற்றதையெல்லாம் நின்றபடியே பார்த்துவிடலாம். மூன்றாவது வரிக்காகத்தான் அவர் மண்டி போடுகிறார்.

'ஏன் போட்டீங்க?' என்று கேட்பதற்கு விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. படிவத்திலும் காரணம் எழுதக் கட்டம் கிடையாது. அது அவருடைய சொந்த அரிப்பு. "பின்னாடி இருந்து பார்த்தா வண்டி ஒல்லியா இருந்துச்சு சார்" என்றார் ஒரு ரொட்டிக் கடைக்காரர். புதுச் சக்கரம் பிரேக்கில் உரசியதால் போட்டதாக ஒரு பல் டாக்டர் சொன்னார். ஒரு கணக்கு வாத்தியார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரியலையே சார்" என்றார். எட்டு சாருக்கு மிகவும் பிடித்த பதில் அதுதான். சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மாளுக்கும் இவர் பழக்கம் அத்துப்படி. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கும் கார்களின் சக்கரத்தைப் பார்ப்பவர் இவர். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று அதன் ரப்பரில் துண்டுத் தாளைச் செருகி இழுத்துப் பார்ப்பார். "அந்தத் தாளைத் தூக்கிட்டு என் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்று அந்த அம்மாள் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய அக்கா காரோடு வந்தார்.

அக்கா ஓய்வு பெற்ற தட்டச்சர். அறுபத்து மூன்று வயது. தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்பதால், அரசாங்கச் சீருடையில் நின்றாலும் "டேய்"தான். அக்காவின் கணவருக்கு, அதாவது எட்டு சாரின் அத்தானுக்கு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காதான் காரில் அழைத்துப்போய் அழைத்துவருகிறார். மறுநாள் புதன் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காரின் தகுதிச் சான்றோ செவ்வாய் மாலையோடு முடிகிறது.

உறவுக்காரர் வண்டியைத் தொடக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அதனால் கார் மூன்றாம் வரிசைக்குப் போயிற்று. அங்கே இருப்பவர் நல்ல மனிதர். யாரையும் காக்க வைக்க மாட்டார், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார், சரி என்பார். அக்கா பதிவுச் சான்றை நீட்டினார். இன்சூரன்ஸ் கடிதத்தை நீட்டினார். நான்கு சக்கரங்களும் மட்கார்டுக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தன. நான்கிலும் ஸ்பேசர், சொந்தமாக போல்ட்டுகள் உள்ள ரகம்.

இரண்டாம் வரிசையில் எட்டு சார், அக்காவின் சக்கரங்கள் மேல் ஒரு கண்ணோடு, யாருடைய நட்டையோ திருகிக்கொண்டிருந்தார். ஐந்துக்குப் பிறகு ஏழு என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் எண்ணிக்கை தவறியது அதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முத்திரை விழுந்து, அக்கா கையசைத்துவிட்டுப் போயிருப்பார். எட்டு சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"உன் வரிசை அது இல்லையேடா?" என்றார் அக்கா.

"ஒரு நிமிஷம்க்கா. சும்மா பார்க்கிறேன்."

முன்பக்க இடது சக்கரத்தின் எதிரே மண்டி போட்டு ஒரு நட்டைத் தளர்த்தினார். எண்ணத் தொடங்கியதும் அக்காவும் சேர்ந்துகொண்டார். "ஆறு... ஏழு... எட்டு!" அக்கா கையைத் தட்டினார். "எண்ணிப் பார்த்துத்தான்டா மாட்டினேன். உங்க அத்தான் நாற்காலியைப் போட்டு உக்காந்து சொல்லச் சொல்ல, நானே ஜாக்கி வச்சு நாலையும் மாட்டினேன். எட்டு சுத்து இல்லாம உன் கண்ணுல முழிக்க முடியுமா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வரிசைக்காரரும் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார்.

எட்டு சார் எழுந்திருக்கவில்லை.

"ஏன்க்கா போட்டீங்க?" என்றார் மெல்ல.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவருக்குப் பார்க்க ஒண்ணு வேணும்ல. ஆஸ்பத்திரி போகாத நாளெல்லாம் ஜன்னலோரம்தான். அங்கேருந்து தெரியறது இந்தக் கார் ஒண்ணுதான். சின்ன வயசுலேருந்து கார்னா பைத்தியம், உனக்குத் தெரியாதா? 'கொஞ்சம் அகலமா நின்னா எப்படி இருக்கும் பாரேன்'னு ஒருநாள் சொன்னாரு. இப்போ காலையில எழுந்ததும் முதல் வேலையா அதைத்தான் பார்க்கிறாரு."

பத்தொன்பது வருடமாகச் சேர்த்த பதில்களில் இப்படி ஒன்று அவரிடம் இல்லை. நட்டை மறுபடி முடுக்கிவிட்டு எழுந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். எழவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, சக்கரத்தின் பின்பக்கம் ஸ்பேசரோடு சேரும் விளிம்பில் வைத்தார். தாள் உள்ளே போயிற்று. தடங்கலே இல்லாமல் பாதி நீளம் போயிற்று.

மூன்றாம் வரிசைக்காரர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"காரோட பழைய போல்ட் முனை ஸ்பேசரைத் தாண்டி ஒரு நூலளவு வெளியே நிக்குதுக்கா" என்றார் எட்டு சார். "சக்கரம் ஸ்பேசர்மேல உக்காரலை. அஞ்சு போல்ட் முனைமேல உக்காந்திருக்கு."

"அசையலையேடா. இறுக்கமாத்தானே இருக்கு?"

"இன்னைக்கு இறுக்கமா இருக்கும். ஓட ஓட அந்த முனை தேயும், நட்டு தளரும். ஒருநாள் சக்கரம் தனியா போயிரும்."

அக்கா இடது பக்கக் கதவைப் பார்த்தார். அத்தான் உட்காரும் பக்கம் அது. அதுவரை இருந்த சிரிப்பு முகத்திலிருந்து வழித்தெடுத்தது போலப் போய்விட்டது.

"எட்டு எட்டுன்னு ஊரெல்லாம் சொன்னே. எங்க வீட்டுல சாப்பிட உக்காந்தப்பல்லாம் சொன்னே. இந்தத் தாளைப் பத்தி எப்போடா சொன்னே?"

எட்டு சார் தாளை உருவி எடுத்தார். சொன்னதில்லை. எட்டுச் சுற்றுக் கதை கேட்பவர்களைச் சிரிக்க வைக்கும். தாள் கதையில் சிரிக்க எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார். அந்த வெட்கம் அவர் காது மடல் வரை சிவந்து தெரிந்தது.

"சார், உங்க அக்கா வண்டி சார்... எழுதணுமா?" என்றார் மூன்றாம் வரிசைக்காரர் தயக்கமாக.

"நான் எழுத முடியாது. உங்க வரிசை. நீங்கதான் எழுதணும்."

எழுதினார். 'தகுதியில்லை' என்ற சீட்டை அக்கா வாங்கி, படிக்காமலே கைப்பைக்குள் திணித்தார். இன்னும் தடிமனான ஸ்பேசர் வாங்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டலாம், எதுவானாலும் தானே வந்து செய்துதருவதாக எட்டு சார் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். அதுவரை இந்தக் கார் இங்கேயே நிற்கட்டும் என்றார்.

"நாளைக்கு அத்தானை என் வண்டியில கூட்டிட்டுப் போங்க" என்று தன் கார்ச் சாவியை நீட்டினார்.

"ஜன்னல்லேருந்து பார்த்தா கார் எங்கேன்னு கேப்பாரு. நீயே வந்து சொல்லு."

"சாயங்காலம் வர்றேன்க்கா."

ஊழியர்கள் கார் நிறுத்தும் கொட்டகையில் எட்டு சாரின் சாம்பல் நிறக் கார் நின்றது. கம்பெனியில் கொடுத்த அதே சக்கரங்கள். ஸ்பேசரும் இல்லை, எந்தச் சோடனையும் இல்லை. அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. கைப்பையைத் தம்பியின் தோளில் மாட்டிவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.

"அந்தத் தாளைக் குடு."

மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கி, முன்பக்க இடது சக்கரத்தின் எதிரே உட்கார்ந்தார். சக்கரத்தின் பின்பக்கம் ஹப்போடு சேரும் விளிம்பில் தாளை வைத்து அழுத்தினார். போகவில்லை, தாள்தான் மடங்கியது. எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். பிறகு அதற்கடுத்தது. தோளில் பெண்பிள்ளைக் கைப்பை தொங்க, எட்டு சார் சீருடையோடு பின்னாலேயே போனார். நான்காவது சக்கரத்திலும் பார்த்து முடித்ததும், அக்கா மடங்கிப்போன அந்தத் தாளைத் தொடையில் வைத்து நீவி நேராக்கி, தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்து மூடினார்.