பனி ஈரத்தில் விழுந்த சாம்பல்

கோவிட் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு வந்த முதல் தீபாவளிக்கு முந்திய வாரம். மலேசியாவின் பீடோங் ஊருக்கு வெளியே ரப்பர் மரப்பலகை உலர்த்தும் தொழிற்சாலையில் நான் பாய்லர் பொறுப்பாளனாக இருந்தேன். ஒரு காலை, கேட்டில் பாக்கியம் அக்கா தட்டு நிறைய மாவிலையோடு நின்றார். எங்கள் பின்மதிலை ஒட்டியது அவர் வீடு. பண்டிகைக்குப் பண்டிகை பாசார் சந்தையில் தோரண இலை விற்பதுதான் அவர் பிழைப்பு.

“அண்ணே, இத வாசல்ல கட்டுனா லட்சுமி உள்ள வருமா, திரும்பி ஓடுமா?”

இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பேறியிருந்தன.

“கோயில்ல இந்த எல வேணான்னுட்டாங்க. பொங்கலுக்கும் இப்படின்னா எனக்கு யாவாரமே இல்ல. மவன் படம் புடிச்சி பேஸ்புக்ல போடுறேன்னான். இருடா, மொதல்ல நம்ம அண்ணன கேப்போம்னேன்.”

அப்படி முதலில் எங்களிடம் வந்ததற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மேனேஜர் ஜேம்ஸ் எட்டிப் பார்த்தார். “இது வெயிலாலதான்லா, அக்கா. எங்க வீட்டு மல்லியும் காஞ்சிருச்சி.”

“வெயிலு ஒரு பக்கம் மட்டுமா அடிக்கும், சார்? வந்து எங்க வூட்டு மாமரத்தப் பாருங்க.”

போய்ப் பார்த்தோம். புகைபோக்கியைப் பார்த்த கிளைகள் மட்டும் தீய்ந்திருந்தன. மறுபக்கம் பச்சையாக இருந்தது. “அப்ப இது வெயில் இல்ல” என்றார் ஜேம்ஸ். மறுநாள் விடியும் முன்னே வந்து என்னோடும் அக்காவோடும் அந்த மரத்தடியில் நின்றார்.

விறகு எரியும் பாய்லரின் குழாய்களில் படியும் கரியையும் சாம்பலையும் நீராவியால் ஊதிப் புகைபோக்கி வழியாக வெளியேற்றுவதை ‘சூட் புளோ’ என்போம். அதை விடியற்காலையில் செய்வது எங்கள் வழக்கம். கொடியில் துணி காயாத நேரம். அக்கம்பக்கத்தார் திட்ட மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் இலைகள் பனியில் நனைந்திருந்தன. சாம்பல் அதில் ஒட்டிக் கரைந்து, வழிந்து, நுனியில் சொட்டாக நின்றது. ஜேம்ஸ் அதைத் தொட்டுத் தேய்த்தார். “சவுக்காரம் மாதிரி வழுக்குதே!”

“சட்டி வெளக்குற சாம்பல்தானே, சார். அத எம் மாமரத்துக்குப் பூசுறீங்க” என்றார் அக்கா.

விறகுச் சாம்பல் நீரில் கரைந்தால் காரம். அது நுனியைச் சுடும். காய்ந்து படிந்தது இலையின் மூச்சுத் துளைகளை அடைக்கும். அப்படிப்பட்ட இலை சிறுத்து, முன்னதாகவே உதிரும்.

“அப்ப பனி காஞ்சப்புறம் ஊதலாம். ஆனா அப்ப கொடியில துணி காயுமே, அக்கா?” என்றேன்.

“துணிய மறுபடி தொவைக்கலாம். எலைய யாரு தொவைக்கிறது? நான் சொல்றேன் அவங்ககிட்ட.”

சொன்னபடி வீடு வீடாகப் போனார். “பாய்லர்காரன் ஊதப் போறான், துணிய எடுங்கடி!” என்ற அவர் குரல் பல நாள் பின்மதிலைத் தாண்டிக் கேட்டது. ஜேம்ஸ் தலைமையகத்தோடு மல்லுக்கட்டி, பாய்லரை நிறுத்தி, புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்காமல் பழுதாகிக் கிடந்த தூசுப் பிரிப்பானை மாற்றினார். உற்பத்தி குறைந்ததற்கு வாங்கிய பேச்சை எங்கள் மேல் இறக்கவில்லை.

தீய்ந்த இலை ஒன்றுகூட மறுபடி பச்சையாகவில்லை. அத்தனையும் உதிர்ந்தன. புதுத் தளிர் செம்பழுப்பாக வந்து, முற்றிப் பச்சையானபோது பொங்கல் வந்துவிட்டது. அக்கா அதைக் கட்டுக் கட்டாகப் பாசாருக்குக் கொண்டுபோனார். மதியத்துக்குள் வெறுங்கூடையோடு திரும்பினார்.

பாய்லர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊதும் நேரத்தை முடிவு செய்யும்போது துணிக்கொடியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் வெளியே எது நனைந்து நிற்கிறது என்றும் பாருங்கள்.