மூன்று வாசலுக்கு மூன்று ஓலைப் பெட்டி

கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, அதைப் போகவிட்டு, மறுபடி நடந்தேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள் முடியும் அந்தச் சமயத்துக்குள் பல ஊர்த் தண்ணீரைக் குடித்திருந்தேன். ஆனால் அன்று, விட்டு வந்த வீட்டில் ஒரு அடுப்பு இருக்குமா போகுமா என்று தெரியாமல் நடந்தேன். திரும்பிப் போய்க் கேட்கவும் வழியில்லை.

அந்த வீட்டில் மூன்று அடுப்பு. பெரியவருக்கும் அவர் மனைவி பெரிய ஆச்சிக்கும் ஒன்று, மூத்த மருமகளுக்கு ஒன்று, இளைய மருமகளுக்கு ஒன்று. கல்யாணமான மகனை அந்தப் பக்கத்தில் 'வேறு வைப்பார்கள்'. அதே வீட்டில் ஓர் அறையும் அடுப்பும் கொடுத்து, ஒரு வருஷத்து அரிசி பருப்பையும் அளந்து கொடுத்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை, அதுதான் முறை. ஆனால் இளைய மருமகளுக்கு அது தள்ளிக்கொண்டே போயிற்று. அவர் கணவர் பினாங்கில் இருந்தார். ஆண் இல்லாதவளுக்குத் தனி அடுப்பு என்ன அவசரம் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் விடுப்பில் வந்தபோது வற்புறுத்தித்தான் கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அடுப்புக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

"இப்பத்தாண்ணே நான் நெனச்ச கொழம்ப நான் வைக்கிறேன்" என்று அந்த இளைய மருமகள், சின்ன ஆச்சி, என்னிடம் ஒருநாள் சொன்னார்.

வீட்டைப் பெருக்கி ஒழுங்காக வைப்பது என் வேலை. அறைகள் அவரவருடையவை, நான் உள்ளே போகக்கூடாது. நடு முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமாக ஓடிய வளவும் எல்லோருக்கும் பொது. அங்கேதான் எல்லாம் கிடக்கும். காயப்போட்டு எடுத்த துணி, பிள்ளைகளின் சிலேட்டு, மரப்பாச்சி, டம்ளர், கரண்டி, பாதி உரித்த பூண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தே என் பொழுது போயிற்று.

ஒருநாள் ஸ்டோர் அறையிலிருந்து மூன்று பெரிய ஓலைப் பெட்டிகளை எடுத்து வாசலுக்கு ஒன்றாக வைத்தேன். பாத்திரங்களில் அந்தந்தக் குடும்பத்தின் எழுத்து வெட்டியிருக்கும். துணி யாருடையது என்பது பார்த்தாலே தெரியும். கிடப்பதை அதனதன் பெட்டியில் போட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தால் போதும், வளவு துடைத்துவிட்டது போல ஆகிவிடும். மீதியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். வேலை பாதிக்குப் பாதி குறைந்தது.

"ஒடம்பு வணங்காதவனுக்குத்தான் இப்புடி ஓசனை வரும்" என்றார் பெரிய ஆச்சி, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. மூத்த மருமகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள், அவர்கள் பெட்டியில் அடிதான் நிறையும். சின்ன ஆச்சிக்கு மூன்றும் சின்னஞ்சிறு பிள்ளைகள். பகல் சாப்பாட்டுக்கு முன்பே அவர் பெட்டி நிரம்பி நிற்கும். முன்பெல்லாம் வளவில் கிடந்ததற்கு ஆள் பேர் கிடையாது. இப்போது அது ஒரு வாசலில் குவிந்து, இவளுடையது என்று சொல்லியது.

"ஏத்தா, பெட்டி பத்தாது போலயே. பத்தாயம் ஒண்ணு கொண்டாந்து வைக்கச் சொல்லவா" என்பார் மாமியார், அந்த வழியாகப் போகும்போது.

"அவுகளுக்கு நேரம் எங்கிட்டு இருக்கு? தனியா ஒலை வைக்கணுமில்ல" என்பார் மூத்த மருமகள்.

பிறகு, பெரியவர் மதுரைக்குப் போயிருந்த சமயம், ஒருநாள் மாமியார் கேலியை விட்டார். "மதுரையிலேருந்து அவுக வரட்டும். குனிஞ்சு எடுத்து வைக்க முடியாதவளுக்கு என்னத்துக்குத் தனி அடுப்பு? எங்களோட சேத்துக்கிருவோம்."

அதன்பின் சின்ன ஆச்சி பெட்டிக்கும் அடுப்புக்குமாக ஓடினார். பெட்டியைக் காலி செய்ய வெளியே வந்தால் உள்ளே சோறு அடிப்பிடிக்கும்.

"அண்ணே, அந்தப் பெட்டிய எடுத்துருங்களேன்."

"ஒண்ண மட்டும் எடுத்தா ஏன்னு கேப்பாகளே, ஆச்சி."

"மூணையும் எடுங்க."

"பழையபடி வளவெல்லாம் கெடக்கும். அதுக்கும் ஒங்களத்தான் சொல்லுவாக."

நான் சொன்னது சரிதான். சரியாக இருந்து அவருக்கு ஒரு பயனும் இல்லை.

பெரியவர் வருகிற அன்று நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல். சின்ன ஆச்சி காலையிலிருந்து வெளியே வரவே இல்லை. பெட்டி வழிந்து தரையில் சரிந்தது. நான் அள்ளப் போனேன்.

"அதத் தொடாத" என்றார் பெரிய ஆச்சி. "அப்புடியே கெடக்கட்டும். அவுக கண்ணால பாக்கட்டும்."

தெருவில் குதிரை வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. பெரிய ஆச்சி முகப்புக்குப் போனார். முற்றத்து ஓரம் கல்யாண அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, மூன்று பெட்டிகளையும் தூக்கி வந்து அதில் கொட்டினேன். தரையில் சரிந்ததையும் வாரிப் போட்டேன்.

ஒரு அடுப்பின் கரண்டி இன்னொரு அடுப்புப் பக்கம் போய்விட்டாலே முகம் திருப்பிக்கொள்கிற வீடு அது. கணவரோடு திரும்பி வந்த பெரிய ஆச்சி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடா செஞ்ச?" என்றார் மெதுவாக. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா, மூணு வீட்டுச் சாமானையும் ஒண்ணாக் கொட்டிட்டான்."

பெரியவர் அண்டாவுக்குள் குனிந்தார். ஒரு டம்ளரை எடுத்து எழுத்தைப் பார்த்தார். அது அவருடையதே. ஒரு சின்னச் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோடது?"

"முக்காவாசி சின்னவளோடதுதான். அவளால ஆகல. அடுப்ப நம்மளோட சேத்துக்கிருவோமின்டு சொல்லத்தான் நீங்க வரட்டுமின்டு இருந்தேன்."

பெரியவர் சட்டையைத் திரும்பப் போட்டார். சின்ன ஆச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வாசலில் நின்றார்.

"அடுப்புச் சங்கதியக் காலையில பேசுவோம்" என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்தார். "நீ வேற எடம் பாத்துக்கப்பா. பிரிச்சுக் குடுத்தத ஒண்ணாச் சேக்கிற ஆளு இந்த வீட்டுக்கு ஆகாது."

பெரிய ஆச்சி அவரைச் சட்டென்று பார்த்தார். அவர் கால் கழுவப் போய்விட்டார். சின்ன ஆச்சி உள்ளே போனார். நான் மூட்டையை எடுக்கும்போது அந்த அறையிலிருந்து ஊதுகுழல் சத்தம் வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சியாக இருக்கும்.

பெரியவர் சொன்னதை நடந்துகொண்டே பலவிதமாகப் புரட்டிப் பார்த்தேன். எனக்குச் சொன்னது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. காரைக்குடியைத் தாண்டிக் கோவிலூர் ஊருணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் படுத்தேன்.

விடிந்து வெயில் ஏறியபின், மானகிரிக்குத் திரும்புகிற காலி விறகு வண்டி ஒன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றது. வண்டிக்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தக் கோட்டையூரு வீட்டு ஆளுல்ல? இங்குட்டு என்ன செய்ற?"

"வேலையில்ல. அங்க வெறகு எறக்கிட்டா வாரீக?"

"ஆமா. வெள்ளன போனேன். பெரியவரே கொல்லைக்கு வந்து நின்னாரு. அடுப்புக்கு ஒண்ணா மூணு குமியாப் போடுன்டாரு. சின்ன மருமக குமி கம்மியா இருக்கு, இன்னும் ரெண்டு கட்டு போடுன்னு வேற. ஒத்த ஆளா எறக்கி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. நம்ம ஆளு நின்னுட்டான். நீ வாரியா?"

மூட்டையை வண்டியில் போட்டேன். அன்று மீதிப் பகல் முழுவதும் மானகிரிக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரையில் கருவேலம் வெட்டி, முள் கழித்து, கட்டுக் கட்டாகக் கட்டினேன்.